உட்கார்ந்த இடத்தில் ஆறு வாரம்

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி விடணும்" என்று நானேதான் வாயால் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வாளியும் கையுமாக வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. "காலைத் தரையில் ஊன்றவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை பம்பரமாகச் சுற்றிப் பழகிய நமக்கெல்லாம் ஆறு வாரம் கட்டிலில் கிடப்பதென்றால் என்னவென்று, கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் சகோதரிகளே! பக்கத்து வீட்டு அம்மாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு விதத்தில நீங்க கொடுத்து வெச்சவங்க. உங்களுக்கு என்ன, உட்கார்ந்த இடத்திலே சாப்பாடு, உட்கார்ந்த இடத்திலே டி.வி.!"

அவர் தமாஷாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை, ஏழு வருஷங்களுக்கு முன்பு, 2018-ல், இதே வீட்டில் நான் ஒருவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். தமாஷாக அல்ல.

அந்த வருஷம் என் மாமியாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் திருச்சி வீட்டுக்கு வந்து பின் அறையில் இரண்டு மாதம் இருந்தார். பொழுது போகட்டும் என்று என் வீட்டுக்காரர் ஒரு சின்ன டி.வி.யை அங்கே வைத்துக் கொடுத்தார். அத்தைக்குக் காது சற்று மந்தம். சாயங்காலம் ஆரம்பித்தால் ஒன்பது மணிவரை ஒரு சீரியல் மாற்றி ஒரு சீரியல், வீடே அதிரும். மகளுக்கோ பிளஸ் டூ. சின்னவனுக்கு அடிக்கடி காய்ச்சல். எனக்கு வேலை இடுப்பை ஒடித்தது. ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு என்ன அத்தை, உட்கார்ந்த இடத்திலே சாப்பாடு, உட்கார்ந்த இடத்திலே சீரியல்! படிக்கிற பிள்ளையை நினைச்சுப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு, டி.வி.யை அணைத்து, கேபிள் ஒயரையும் பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு பத்து நாள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, "நடக்க வந்துடுச்சும்மா" என்று கொழுந்தனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் நல்லது பொல்லாததற்கு வருவார், போவார். தங்கியதில்லை.

அந்த அத்தைதான், எழுபத்து நான்கு வயதில், எனக்குக் கால் முறிந்தது என்று கேட்டதும், ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்! "சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்மா" என்று இவர் சொன்னதற்கு, "அவ கை சமையலை இத்தனை வருஷம் சாப்பிட்டோமே, ஆறு வாரம் நான் செஞ்சா என்ன?" என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

முதல் வாரத்தை நான் செல்போனைப் பார்த்தே கெடுத்தேன். அரை நிமிஷம் ஒரு கோலம், அரை நிமிஷம் ஒரு சண்டை, அரை நிமிஷம் யாரோ ஒருவர் வீட்டுச் சமையல். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தால், என்ன பார்த்தோம் என்று ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. கழுத்து வலி, கண் எரிச்சல், ராத்திரி தூக்கமில்லை. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

எட்டாம் நாள் காலை அத்தை பின் அறைக்குப் போய், பேரனைப் பரண் ஏறச் சொன்னார். அதே சின்ன டி.வி. தூசி தட்டித் துடைத்து, என் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தார்கள்.

"செல்லுல குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போயிடும்மா. இதுல நிமிர்ந்து பாரு. படுத்துக் கிடக்கிறப்ப ஒரு சத்தம் இல்லாட்டி மனசு எங்கெங்கயோ போகும். எனக்குத் தெரியும்" என்றார்.

'எனக்குத் தெரியும்' என்ற அந்த ஒரு சொல்! அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரியாதவர். ஆனாலும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

என்ன பார்ப்பது என்று கேள்வி வந்தது. இப்போது ஓடுகிற தொடர்கள் எல்லாம் நடுவில் போய் நுழைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாது. மகன், "பழசெல்லாம் இன்டர்நெட்ல இருக்கும்மா, எது வேணும் சொல்லு" என்று ஏதோ ஒரு கருவியை டி.வி.யில் சொருகினான். அத்தைக்கு ஆச்சரியம்! "முடிஞ்சு போன நாடகத்தைத் திருப்பிப் பார்க்கலாமா?" என்று நாலு தரம் கேட்டார்.

நான் முதலில் கேட்டது 'மால்குடி டேஸ்.' காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது சென்னை சைதாப்பேட்டையில். பத்துக் குடித்தனத்துக்கு ஒரு டி.வி., அதுவும் வீட்டுக்கார அம்மாள் கூடத்தில். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் வந்துவிட்டாலும், எங்களைப் போன்ற குடும்பங்கள் சொந்தமாக டி.வி. வாங்க அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று. 1984-ல் தில்லியிலிருந்து 'ஹம் லோக்' வந்தபோது நான் சின்னப் பெண். அதுதான் நம் நாட்டின் முதல் பெரிய குடும்பத் தொடர். மெக்சிகோ நாட்டில் தொடர் மூலமாகக் குடும்பக் கட்டுப்பாடு முதலிய விஷயங்களைச் சொல்லி ஜனங்களிடம் நல்ல பலன் கிடைத்ததைப் பார்த்துத்தான் இங்கேயும் அதை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் வந்து இரண்டு வார்த்தை பேசுவார். பாஷை புரியாது, ஆனாலும் 'தாத்தா வந்துட்டார்' என்று குழந்தைகள் கை தட்டுவோம்.

1987 ஜனவரியில் 'ராமாயணம்' ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே வெறிச்சென்று இருக்கும். ஹிந்தி தெரியாவிட்டால் என்ன, நமக்குத் தெரியாத கதையா? அதே ராமாயணத்தைத்தான் 2020-ல் ஊரடங்கு போட்ட சில நாட்களிலேயே, மார்ச் 28-ஆம் தேதி முதல், தூர்தர்ஷன் மறுபடி போட்டது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பு நான் பார்த்ததை என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அத்தை அப்போது கிராமத்தில். 'தனியாக என்ன பண்ணுகிறாரோ' என்று ஒரு தரம் நினைத்துக்கொண்டேன். போன் செய்யவில்லை.

சரி, மால்குடிக்கு வருகிறேன். அதுவும் அந்த 1980-களில் வந்ததுதான். ஆர்.கே. நாராயண் நம் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர். 'மால்குடி' அவர் கற்பனையில் உண்டாக்கின ஊர். ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கதைகளை, கன்னட நடிகர் சங்கர் நாக் டைரக்ட் செய்து, கர்நாடக மலைப்பக்கம் ஆகும்பே என்ற ஊரில் போய்ப் படம் பிடித்தார். டைட்டிலில் வரும் சித்திரங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்டவை. சங்கீதம் நம்ம எல். வைத்தியநாதன். அந்த ஆரம்ப இசையைக் கேட்டதும் எனக்குச் சைதாப்பேட்டைக் கூடத்துச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி உடம்பில் வந்துவிட்டது! இவ்வளவு அழகாக எடுத்த சங்கர் நாக், 1990-ல் கார் விபத்தில் போய்விட்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

தொடர் ஹிந்தியில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்து நாளில் ஹிந்தி பிரசார சபா பரீட்சை மத்யமா வரை எழுதியவள். அந்த அரைகுறை ஹிந்தியை இத்தனை காலம் கழித்து உபயோகப்படுத்த ஒரு சந்தர்ப்பம். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல, அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். சுவாமி என்கிற பையன், இருட்டுக்குப் பயந்தவன், அப்பாவிடம் மாட்டிக்கொண்டு தனியாகப் படுக்க வேண்டியதாகி, பயத்தில் ஒரு திருடன் காலையே கடித்துப் பிடித்துக் கொடுத்து 'வீரன்' ஆகிவிடுகிற கதைக்கு, அத்தை கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "உன் வீட்டுக்காரனும் இப்படித்தான். பத்து வயசு வரைக்கும் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்" என்றார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் எனக்குத் தெரியாத சேதி!

ஒருநாள் தபால்காரர் கதை வந்தது. தானப்பா என்ற தபால்காரர். வீட்டு வீட்டுக்குக் கடிதம் கொடுப்பதோடு நல்லது கெட்டதும் விசாரிப்பவர். ஒரு வீட்டில் பெண்ணுக்கு வெகு நாளாக வரன் அமையவில்லை. இவர்தான் ஒரு இடத்தைச் சொல்லி, கல்யாணம் நிச்சயமாகிறது. முகூர்த்தத்தைத் தள்ளிப் போடவே முடியாத நிலைமை. கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணின் உறவில் ஒரு பெரியவர் கவலைக்கிடம் என்று கார்டு வருகிறது. மறுநாள் காலமானார் என்று தந்தி. இரண்டையும் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறார் தானப்பா. கல்யாணம் நல்லபடியாக முடிந்த பிறகு கொண்டுவந்து நீட்டி, "புகார் கொடுத்தால் என் வேலை போய்விடும், கொடுங்கள்" என்கிறார். பெண்ணின் தகப்பனார், "நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம்" என்கிறாரே தவிர, புகார் கொடுக்கவில்லை.

கதை முடிந்தது. இவர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து, வாசற்படியில் நின்றபடியே காபியைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருந்தாலும் சாவுச் சேதியை மறைச்சது தப்புதான் அத்தை" என்றேன் நான்.

"தப்புதான். ஆனா, சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு கதி என்ன? சில சமயத்தில மறைக்கிறதும் ஒரு உபகாரம்தாம்மா" என்றார் அத்தை.

இவர் சிரித்தார். "அம்மா மறைக்கிறதுல கெட்டிக்காரிதான். அன்னிக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, 'டி.வி. பார்த்தா கண்ணு வலிக்குதுப்பா, நான்தான் எடுத்துடச் சொன்னேன்'னாங்க. நானும் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. ஊருக்குப் போனப்புறம் பார்த்தா, தம்பி வீட்டில நாள் முழுக்க டி.வி. பார்க்கிறாங்களாம்!"

அத்தை சட்டென்று சொன்னார்: "ஆமா, ஆத்துக் காத்து பட்டதும் கண்ணு சரியாப் போயிடுச்சு. நீ டம்ளரை வெச்சிட்டுப் போய் மூஞ்சி கழுவு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கீரைக் காம்புகளை முறத்தில் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். நான் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏழு வருஷம்! என் வீட்டுக்காரர் அன்று ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. 'பிள்ளை படிப்புக்காகத்தானே செய்தேன், அவருக்கும் நியாயம் தெரிந்திருக்கிறது' என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு சண்டை வரக்கூடாதென்று அந்தத் தந்தியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டவர் அத்தை. வலியோடு, பொழுது போகாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது. இவர், "கால் வலிக்குதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். நானும் ஒன்றை மறைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது 'மெட்டி ஒலி.' அத்தையின் விருப்பம். சன் டி.வி.யில் 2002 முதல் 2005 வரை ஓடியது. திருமுருகன் டைரக்ட் செய்தது. உங்களில் பலர் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்திருப்பீர்கள். மனைவியை இழந்த சிதம்பரம் என்ற பெரியவர், ஐந்து பெண்களை வளர்த்துக் கரையேற்றப் படுகிற பாடுதான் கதை. பேய் இல்லை, விஷம் வைப்பதில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு அறை இல்லை. நம் தெருவில் நடப்பதை ஒளிந்திருந்து பார்ப்பது போல் இருக்கும். அதில் ஒரு மாமியார், மருமகளை வார்த்தையாலேயே கொல்லுவாள். அத்தைக்கு வந்ததே கோபம்! "இவல்லாம் ஒரு மாமியாரா? அந்தப் பொண்ணு சும்மா இருக்கே, திருப்பிக் கேட்டா என்ன?" என்று எனக்கு முன்னாலேயே திட்டுவார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம்.

அந்தத் தொடரைச் சாக்காக வைத்துத்தான் அத்தை தன் கதையைச் சொன்னார். அவரும் நாலு பெண்களில் மூத்தவராம். எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்களாம். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மாமியார், அரிசி அளக்கிற படியைக்கூட அவர் கையில் கொடுக்கமாட்டாராம். "நான் அப்படி இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே நெனைச்சுக்கிட்டேன்" என்றார். நேருக்கு நேர் உட்கார்ந்து "உங்க கதையைச் சொல்லுங்க" என்றால் எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தானாக வருகிறது. நல்ல தொடர் செய்கிற பெரிய உபகாரம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மகனுக்காக ஒன்று சேர்த்துக்கொண்டோம்: 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு.' இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா டைரக்ட் செய்து, 1990-களில் வந்தது. கிராமத்துக் காவல் தெய்வம் கருப்பு, தப்பு செய்தவர்களைத் தண்டிக்கிறதா, அல்லது வேறு ஏதாவதா என்று கடைசிவரை மர்மம். முடிவை நான் சொல்லமாட்டேன்! சாமி நம்பிக்கையையும் மனசின் வியாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வைத்துவிடுகிறது. எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனோடு இருந்த பதினைந்து வயதுப் பிள்ளை, "அப்பாயி, நான் வர்றதுக்குள்ள போட்டுடாதீங்க" என்று ஸ்கூலிலிருந்து ஓடிவர ஆரம்பித்தான். ஆனால், இதைச் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டு வீரனே இரண்டு நாள் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினான்.

எலும்பு முறிவோ, ஆபரேஷனோ, பிரசவமோ, வீட்டோடு கிடக்க நேர்ந்தவர்களுக்கு, என் ஆறு வார அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடிவுள்ள தொடராகத் தேர்ந்தெடுங்கள். மால்குடி மாதிரி அரை மணிக்குள் ஒரு கதை முடிந்துவிடுவது இன்னும் நல்லது. 'அடுத்தது என்ன, அடுத்தது என்ன' என்று இழுத்துக்கொண்டே போகாது. நாளைக்கு இரண்டு பாகம் என்று நாங்கள் கணக்கு வைத்தோம். ஆசைப்பட்டாலும் மூன்றாவது கிடையாது. ஆசை மீதி இருந்தால்தான் மறுநாள் காலை எழுந்திருக்க மனசு வரும்.

ஒவ்வொரு பாகம் முடிந்ததும் உடம்பைக் கவனியுங்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணை வைத்து உயரமாக வைத்துக்கொண்டு, கால் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு பாகத்துக்கு இருபது தரம் என்று வைத்துக்கொண்டேன். அரிக்கிறதே என்று மாவுக்கட்டுக்குள் ஊசியோ குச்சியோ விடக்கூடாது, உள்ளே புண்ணாகும். விரல்கள் நீலம் பாரித்தால், மரத்துப் போனால், கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ கண்டால், மூச்சு வாங்கினால், 'இந்தப் பாகம் முடியட்டும்' என்று இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

டி.வி. முன்னால் சாப்பிடாதீர்கள். நடமாட்டம் இல்லாத உடம்பு; கை தானாக முறுக்குக்கும் மிக்சருக்கும் போகும். அத்தை முறுக்கு டப்பாவை மேல் அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் கேழ்வரகுக் கூழும் சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "எலும்புக்குக் கேப்பை" என்பார், அவ்வளவுதான்.

பிரசவித்த இளம் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாருங்கள், தப்பில்லை. பச்சை உடம்புக்காரிக்கும் மனசு ஒன்று உண்டு. ஆனால் கைக்குழந்தையைத் திரைக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள். இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு உங்கள் முகத்தைவிட நல்ல நாடகம் எது?

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகப் பார்க்காதீர்கள். மாமியாரோ, அம்மாவோ, எதிர் வீட்டுப் பாட்டியோ, யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடக்கிற பெரியவர் வீட்டில் இருந்தால், 'எந்நேரமும் டி.வி.தானா' என்று சொல்லத் தோன்றும்போது ஒரு நிமிஷம் பொறுங்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. அப்படிக் கிடப்பவர் உட்கார்ந்த இடத்தில் சுகப்படவில்லை, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு என் கால் ஒடிந்த பிறகுதான் புரிந்தது. உங்களுக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சி மாதிரி இளைத்திருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து பழகினேன். பத்து நாள் கழித்து, முதல் தடவையாக நானே காபி போட்டு அத்தையிடம் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "நடக்க வந்துடுச்சும்மா. நான் ஞாயித்துக்கிழமை கிளம்பட்டுமா?" என்றார். பின் அறையில் மஞ்சள் பை தயாராக இருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மகனைக் கூப்பிட்டேன். டி.வி.யை என் அறையிலிருந்து எடுத்துப் போய், பின் அறையில், அத்தை கட்டிலுக்கு எதிரே, பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன். இவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"மெட்டி ஒலி இன்னும் எழுநூறு பாகத்துக்கு மேலே பாக்கி இருக்கு அத்தை" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கு ஒண்ணுன்னு பார்த்தாக்கூட ரெண்டு வருஷம் ஆயிடுமேம்மா" என்றார்.

"ஆகட்டுமே அத்தை" என்றேன். "சத்தம் போதுமா, இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"